இருபது டிகிரி என்று எழுதிய தாள்

நிவி,

இதை விமானத்தில் ஏறிய பிறகு படித்துக்கொள்ளலாம் என்று கைப்பைக்குள் போட்டுவிடாதே. அதற்காக எழுதிய கடிதம் இல்லை இது. நீ புதன்கிழமை கிளம்புகிறாய், இன்று வெள்ளி. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முன்னால் இதை நீ படித்து முடித்தாக வேண்டும். தமிழை எழுத்துக் கூட்டி நிதானமாகத்தான் படிப்பாய், நடுநடுவே "வாட் இஸ் திஸ் வேர்ட், அப்பா?" என்று குரல் கொடுப்பாய். இந்த முறை என்னிடம் கேட்காதே, அம்மாவிடம் கேள். அவளுக்கு எல்லாம் தெரியும். நேரில் சொல்லத்தான் நினைத்தேன். செவ்வாய்க்கிழமை உன்னோடு கோட்டி பஜாருக்குக் குளிர்கால ஜாக்கெட் வாங்க வந்தபோது இரண்டு தடவை வாயைத் திறந்தேன். நீ கண்ணாடி முன்னால் நின்று "கலர் பாகுந்தா அப்பா?" என்று கேட்டாய். "நல்லாருக்கும்மா" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். ஹாலில் டிவிக்கு மேலே மாட்டியிருந்த என் ஆராய்ச்சிப் பேப்பரைக் காணவில்லையே, ஆணி மட்டும் இருக்கிறதே என்று நேற்று கேட்டாய். கண்ணாடி உடைந்துவிட்டது என்றேன். உடையவில்லை. நான்தான் கழற்றி பீரோவுக்குள் வைத்தேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் நீ நாலு வருடம் செய்யப்போகும் ஆராய்ச்சி, எங்கள் ஆய்வகத்தில் கண்ட ஒரு முடிவின் மேல் நிற்கிறது. அந்த முடிவு தப்பு. அதில் தப்பு இருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரியும். பதின்மூன்று வருடமாகச் சொல்லவில்லை. இந்த வரியை எழுதத்தான் மூன்று நாளாகத் தாளைக் கிழித்துக் கிழித்துப் போட்டேன். எழுதிவிட்டேன். இனி மற்றதைச் சொல்வது கொஞ்சம் சுலபம்.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததையே ஒருமுறை சொல்கிறேன், பிறகு நான் செய்ததன் கனம் உனக்கு விளங்கும். உன் தாத்தா லாலாகுடா ரயில்வே ஒர்க் ஷாப்பில் இரும்போடு மல்லுக்கட்டியவர். காட்பாடியிலிருந்து வேலைக்கு வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார். அவர் மகனான நான் முப்பத்திரண்டு வருடமாக ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவோடு குடித்தனம் நடத்துகிறேன். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, முனையைத் தட்டையாக்கிய பிளாட்டினம் கம்பியால் ஒரு பிளேட்டிலிருந்து இன்னொரு பிளேட்டுக்குப் புழுவை எடுத்து வைப்பது. விஞ்ஞானிகள் வருவார்கள், போவார்கள். புழுவை உயிரோடு வைத்திருப்பது என் மாதிரி டெக்னீஷியனின் வேலை. உனக்கு எட்டு வயது இருக்கும்போது ஒரு சனிக்கிழமை உன்னை அழைத்துப் போய் ஸ்டூலின் மேல் நிற்கவைத்து முட்டை பிரிவதைக் காட்டினேன். கண்ணாடி மாதிரி முட்டை, உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். ஒரு செல் இரண்டாகப் பிரிந்தது. முன்பக்கம் பெரியது, பின்பக்கம் சின்னது. "பின்னாடி இருக்கறது பாவம்பா, அதுக்கு மட்டும் கம்மியா குடுத்துட்டாங்க" என்று நீ அழுகிற மாதிரி சொன்னாய். அன்றைக்கு நான் சிரித்தேன். கொடுத்ததில் முக்கியமானது அந்தச் சின்னதுக்குள்தான் இருக்கிறது என்று சொன்னேன்.

இப்போது நீ எனக்கே பாடம் எடுப்பாய். இருந்தாலும் என் பாஷையில் சொல்லிக்கொள்கிறேன். முட்டைக்குள் தாய் பொடிப்பொடியாகச் சில துகள்களை வைத்து அனுப்புகிறாள். முதல் பிரிவில் அவை எல்லாம் பின்பக்கச் செல்லுக்கு நகர்ந்துவிடும். அது பிரியும்போது மறுபடியும் ஒரு பக்கம். இப்படி நாலு முறை. ஒவ்வொரு முறையும் ஒரு செல் தோலாகவோ குடலாகவோ தசையாகவோ ஆகப் போய்விடும், ஒரு செல் மட்டும் துகள்களை வைத்துக்கொண்டு நிற்கும். மற்ற செல்கள் எல்லாம் தங்கள் ஜீன்களைத் திறந்து வேலையை ஆரம்பிக்கும்போது இது ஒன்று மட்டும் எதையும் திறக்காது. திறக்க விடாமல் தாய் வைத்து அனுப்பிய ஒரு புரதம் காவல் இருக்கும். கடைசியில் அது இரண்டாகி, புழு முட்டையை விட்டு வெளியே வந்து முதல் வாய் சாப்பிடும் வரைக்கும் சும்மா காத்திருக்கும். அந்தப் புழுவின் எல்லாப் பிள்ளைகளும் அந்த இரண்டு இனச்செல்லிலிருந்துதான். அதனால்தான் இதில் ஒரு விசித்திரம். தாயிடம் ஒரு ஜீன் கெட்டிருந்தால் தாய்க்கு ஒன்றும் ஆகாது, அவளுக்கு வேண்டியதை அவள் தாய் வைத்து அனுப்பியிருப்பாள். அவள் முட்டை போடுவாள், பிள்ளைகள் பிறக்கும், கொழுகொழுவென்று வளரும். ஆனால் பிள்ளைகளின் வயிறு காலியாக இருக்கும். குறை தெரிவதற்கு இரண்டு தலைமுறை ஆகும்.

எங்கள் சார், நீ தாத்தா என்று கூப்பிடுவாயே, தார்னாகாவில் இருக்கிறாரே, அவர் அப்படி ஒரு ஜீனைக் கண்டுபிடித்தார். அந்த ஜீன் தாயிடம் இல்லாவிட்டால் பிள்ளைகளின் இனச்செல் எப்போதும் உண்டாகாது, விதிவிலக்கே இல்லை என்பது எங்கள் முடிவு. மூன்று முறை செய்து பார்த்தோம். மூன்று முறையும் வயிறு காலி. பக்கத்துத் தட்டிலேயே வைத்திருந்த சாதாரணப் புழுக்கள் ஒழுங்காக முட்டை போட்டன. ஆகவே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. புழு எடுத்தது நான். எண்ணியது நான். புழுக்களை இருபது டிகிரியிலேயே வைத்திருக்கிற இன்குபேட்டர் என் பொறுப்பு. கதவின் மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கும், தினமும் வெப்பநிலையைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எப்படிப் பார்க்க வேண்டும் என்று ஒரு முறை உண்டு. வெளியே சிவப்பு எழுத்தில் காட்டுகிற எண்ணை நம்பக்கூடாது, கதவைத் திறந்து, உள்ளே தண்ணீர் பீக்கரில் நிற்கிற கண்ணாடி தர்மாமீட்டரைப் படிக்க வேண்டும். ஆய்வகத்துக்குள் வந்த முதல் நாள் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான் சொல்லிக்கொடுத்த முறை இது. நான் செய்தது என்ன தெரியுமா? போகிற போக்கில் சிவப்பு எண்ணைப் பார்த்து "20" என்று எழுதிவிட்டுப் போனேன். திங்கட்கிழமை காலையில் சனி, ஞாயிறுக்கும் சேர்த்து எழுதினேன். எல்லா ஆய்வகத்திலும் நடக்கிற சங்கதிதான் என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அது ஏப்ரல், மே. ஹைதராபாத் வெயிலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேப்பர் அனுப்பியாயிற்று. சும்மா ஒரு நாள் அதே புழுக்களைப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. திங்கள் காலையில் போட்ட முட்டை, புதன் சாயங்காலம் வளர்ந்து நிற்கிறது. இருபது டிகிரியில் அதற்கு வியாழன் தாண்ட வேண்டும். இத்தனை வருட அனுபவத்தில் இது எனக்குத் தெரியாதா? கதவைத் திறந்து பீக்கரைப் பார்த்தேன். இருபத்தாறு. ஃப்ரிட்ஜ் மெக்கானிக் கௌஸ் பாயைக் கூப்பிட்டேன். பின்பக்கத் தகட்டைக் கழற்றியவர் தலையை ஆட்டினார். "டிஸ்ப்ளே ஜூட் போல்ரா சாப்" என்றார், பொய் சொல்கிறதாம். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "உள்ள தர்மாமீட்டர் இருக்கே சாப். கைக்கு நை தேக்கே?" என்று கேட்டார். ஏன் பார்க்கவில்லை? அவர் கம்ப்ரஸரைச் சரிசெய்து, டீ குடித்துவிட்டுப் போனார். நான் அந்தத் தாளில் அன்றைய தேதிக்கு நேராக "20" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்கு முந்தைய நாட்களில் எழுதியதெல்லாம் சோம்பேறித்தனம், நிவி. அன்றைக்கு எழுதியது பொய்.

ஏன் என்று கேட்பாய். என் மாதிரி டெக்னீஷியன்களின் பெயர் பேப்பரின் கடைசியில் நன்றி சொல்கிற இடத்தில் வரும். அந்த ஒரு முறைதான் தலைப்புக்குக் கீழே, நாலாவது ஆளாக, என் பெயர் வந்தது. "உங்க கை இல்லாம இது இல்லய்யா" என்று சார் எல்லோர் முன்னாலும் சொன்னார். இருபத்தாறு டிகிரியில்தான் அந்தப் புழு மலடாகிறது, சாதாரணப் புழு அந்தச் சூட்டைத் தாங்கிக்கொள்கிறது, இருபதில் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது என்று நான் போய்ச் சொல்லியிருந்தால் பேப்பரைத் திரும்ப வாங்கியிருக்க வேண்டும். ஒருவேளை இருபதிலும் அப்படியே இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செய்து பார்க்கவில்லை. ரெண்டே வாரத்தில் பார்த்திருக்கலாம். பயமாக இருந்தது, அதனால் பார்க்கவில்லை.

அதே வருடம்தான் நீ ஏழாம் வகுப்பு. கணக்கு டீச்சர் டைரியில் எழுதிய புகாருக்குக் கீழே என் கையெழுத்தை நீயே போட்டு மாட்டிக்கொண்டாய். நான் ஆடிய ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? "கையெழுத்துன்னா இன்னான்னு தெரியுமா? நான் பாத்தேன், இது உண்மைன்னு அர்த்தம்!" என்று ஹப்சிகுடா தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். நீ அழவில்லை. நிமிர்ந்து பார்த்து, "நீங்க மட்டும் பாத்துட்டா போட்றீங்க? டெய்லி டைரிய திறக்காமயே சைன் பண்றீங்க" என்றாய். ஓங்கி அறைந்தேன். வகுப்பு முழுக்கப் பார்த்திருக்க, டீச்சரிடம் உன்னை மன்னிப்புக் கேட்கவும் வைத்தேன். நீ டைரியைத்தான் சொன்னாய். எனக்கு என்னவோ நீ இன்குபேட்டர் கதவைப் பார்த்துவிட்டு வந்து சொன்ன மாதிரி இருந்தது. அந்த அடி உன் பொய்க்கு விழுந்தது இல்லை. இதைச் சொல்ல எனக்குப் பதின்மூன்று வருடம் ஆகியிருக்கிறது, மன்னித்துக்கொள்.

இதோடு முடிந்திருந்தால்கூட ஏதோ என் அளவில் போயிற்று என்று சொல்லலாம். முடியவில்லை. அடுத்த வருடம் ஸ்ரீலதா என்று ஒரு பெண் ஆராய்ச்சிக்கு வந்தாள். வாரங்கல் பக்கத்துப் பெண், கைநேர்த்தி அப்படி, என்னைவிட வேகமாகப் புழு எடுப்பாள். எங்கள் முடிவை எடுத்துக்கொண்டு அதற்கு மேல் கட்டுவது அவள் வேலை. அதற்குள் இன்குபேட்டர் சரியாகிவிட்டதே, உண்மையான இருபது டிகிரியில் அவள் புழுக்கள் பிள்ளை பெற்றன, பேரப்பிள்ளைகளும் வந்தன. மறுபடி செய்தாள். மறுபடி வந்தன. சார் கொதித்தார். கெட்ட ஜீன் உள்ள புழுவையும் நல்லதையும் கலந்து எடுக்கிறாய், உனக்குக் கண் தெரியவில்லையா என்று கத்தினார். பிறகு என்னிடம் திரும்பி, அவளுடைய பிளேட்டுகளைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பில்லை. அவள் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். நான் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "கொஞ்சம் கலந்திருக்கலாம் சார்" என்றேன்.

அந்த மூன்று வார்த்தைதான். அவள் நோட்டில் சார் "கலப்பு, தூக்கிப் போடவும்" என்று எழுதினார். இன்னும் ஒரு வருடம் அதே சோதனையைச் செய்து பார்த்தாள், அவள் கையை அவளே நம்பாமல். பிறகு பட்டம் வாங்காமலே போய்விட்டாள். போகிற அன்று எனக்கு ஒரு டப்பாவில் அரிசலு, நம் அதிரசம் மாதிரி, கொண்டுவந்து கொடுத்தாள், சாரிடம் திட்டு வாங்கும்போதெல்லாம் நான்தான் அவளுக்கு ஆறுதல் சொன்னேனாம். அந்த டப்பாவை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நீதான் தின்றாய்.

போன மாதம் சாப்பிடும்போது நீ சொன்னாய், "அப்பா, கெஸ் வாட், என் ப்ரொபோசல்ல ஃபர்ஸ்ட் ரெஃபரன்ஸே உங்க பேப்பர்தான்!" அம்மா உன் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டாள். நீ சந்தோஷமாக விவரித்துக்கொண்டே போனாய், அந்த ஜீனோடு சேர்ந்து வேலை செய்யும் மற்ற ஜீன்களைத் தேடப்போகிறேன் என்று. நான் பாதித் தோசையைத் தட்டிலேயே வைத்தேன். எழுந்து கை கழுவினேன். ஷுகர் கூடியிருக்கிறதா என்று கேட்டாய். எனக்குத் தெரிந்தது வேறு. நீ அங்கே போன ஆறாவது மாதத்துக்குள் உன் பிளேட்டிலும் பேரப்பிள்ளைகள் நெளியும். அறிமுகமில்லாத ஊரில், புதுப் பேராசிரியை முன்னால் நின்று, ஏன் இப்படி வருகிறது என்று தெரியாமல் நீ முழிப்பாய். கலந்துவிட்டாய் என்று யாராவது சொல்வார்கள். நீயும் உன் கையைச் சந்தேகப்படுவாய். என் அப்பாவின் பெயர் போட்ட முடிவு, அது தப்பாக இருக்காது என்று நினைப்பாய்.

மறுநாளே நைட்ரஜன் டப்பாவைத் திறந்து பழைய குழாயை எடுத்தேன். உறைந்துகிடந்த புழுக்கள் சூடு பட்டதும் நெளிய ஆரம்பித்தன. அவற்றைப் பெருக்கி, ஜீன் கெட்ட தாய்களைப் பொறுக்கி, பாதியை இருபதிலும் பாதியை இருபத்தாறிலும் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பதினேழு நாள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, பீக்கரில் குனிந்து படித்தேன், சிவப்பு எண்ணைப் பார்க்கவே இல்லை. வீட்டில் நீயும் அம்மாவும் பருப்புப்பொடி எத்தனை கிலோ, சூட்கேஸ் எத்தனை கிலோ என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் ஏன் எரிந்து விழுகிறேன் என்று உங்கள் இருவருக்கும் புரியவில்லை. இருபதிலும் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். இந்த வயதில் ஒரு புழுவுக்கு மலடாக இரு என்று சாமியிடம் கேட்டவன் நானாகத்தான் இருப்பேன். போன திங்கட்கிழமை பார்த்தேன். இருபத்தாறில் கொழுகொழு புழு, காலி வயிறு. இருபதில் பிளேட் கொள்ளாமல் குஞ்சுகள். ஸ்ரீலதா சொன்னது அத்தனையும் சரி.

அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். அவள் கோபப்பட்டது தப்புக்காக இல்லை. "ஏங்க, பதிமூணு வருஷம் இருந்தீங்க, ரிட்டயர்மெண்டுக்கு நாலு மாசம் இருக்குது, அதுவரைக்கும் இருக்க முடியாதா? குழந்த கெளம்பற நேரத்துல இன்னாத்துக்கு இதெல்லாம்?" என்று அழுதாள். மறுநாள் காலையில் காய் நறுக்கிக்கொண்டே, "அந்தப் பொண்ணு எங்க இருக்குதாம்?" என்று கேட்டாள். பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியில் தரச் சோதனையில் இருக்கிறாள் என்றேன். "போய்ப் பாருங்க. மொதல்ல அவளப் பாருங்க" என்றாள்.

நான் முதலில் போனது சாரிடம்தான், பழக்கம் விடவில்லை. எழுபத்தாறு வயது, முழங்கால் வலி, என்னைப் பார்த்ததும் மகிழ்ந்து காபி கொண்டுவரச் சொன்னார். சொன்னேன். எத்தனை பிளேட், எந்த நாளில் எண்ணினீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. பிறகு தெலுங்கில் மெதுவாகக் கேட்டார்: "உங்க பொண்ணு போகப்போறா, அதனால வந்தீங்க. வேற யாரோட பிள்ளையோ போயிருந்தா வந்திருப்பீங்களா?" வேறு ஒருத்தருடைய பிள்ளை வந்தாளே, என் பக்கத்தில் நின்றாளே, அப்போது நான் என்ன செய்தேன்? "போங்க" என்றார். காபி வந்தது, யாரும் குடிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் போன் எடுக்கவில்லை. அவர் கேட்டது நியாயம். நீ இந்தப் பக்கம் வராமல் வங்கி வேலைக்குப் போயிருந்தால் நான் நல்ல மனிதன் என்ற பெயரோடு ரிட்டயர் ஆகியிருப்பேன்.

புதன்கிழமை பட்டான்செருவுக்குப் போனேன். ஷிப்ட் விடுகிற நேரம், ஷேர் ஆட்டோக்காரர்கள் ஊர்ப்பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். அவளே என்னை அடையாளம் கண்டுகொண்டு "சார், மீரா?" என்று ஓடிவந்தாள், நீங்களா என்று. தலையில் கொஞ்சம் நரை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அத்தனையும் சொன்னேன். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்: "அப்போ நான் எண்ணினது சரியா சார்?" சரி என்றேன். "எல்லா தடவையும்?" எல்லா தடவையும் என்றேன். கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. நிவி, எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதைவிடப் பெரிய வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பழைய தாளைக் கோப்பிலிருந்து எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ஆய்வகத்தில் எழுதியதை அழிக்கக்கூடாது, வெள்ளை பூசக்கூடாது. ஒரே ஒரு கோடு, கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, எழுதுகிற நாளின் தேதியைப் போட்டுக் கையெழுத்து. அப்படியே செய்திருந்தேன். கௌஸ் பாய் வந்த நாளின் "20" மேல் கோடு, பக்கத்தில் "26, நேரில் பார்த்தேன்." முந்தைய நாட்களுக்கு நேராக "பார்க்கவில்லை" என்று எழுதினேன், தெரியாததை எழுத முடியாதே. இன்குபேட்டர்களில் இப்போது இருக்கும் பிளேட்டுகளின் எண்ணிக்கையையும் இன்னொரு தாளில் எழுதி, கீழே சாட்சிக் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தேன். அதை ஸ்ரீலதாவிடம் நீட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு தாளையும் படித்தாள். பேனாவை வாங்கவில்லை. "நான் பிளேட்டைப் பாக்கலையே சார். பாக்காம எப்படிப் போடறது?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

நேற்று டைரக்டருக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதற்கு மேல் என்ன வரும், என் ஓய்வு என்ன ஆகும், தெரியாது. அதைப் பற்றி நீ கவலைப்படாதே. உன் புதுப் பேராசிரியைக்கு நீ கிளம்புவதற்கு முன்னால் எழுதிவிடு. உன் திட்டம் மாறலாம், சில மாதம் வீணாகலாம், ஒருவேளை இடமே கேள்விக்குறி ஆகலாம். அதற்கு நான்தான் காரணம் என்பதையும் எழுது, மறைக்காதே. ஆனால் இந்த ஜீன் இல்லாவிட்டாலும் இருபது டிகிரியில் பேரப்பிள்ளைகள் வரும் என்று முதலில் கண்டவள் யார் என்பதையும் பெயரோடு எழுது. அங்கே போன பிறகு, ஏதாவது தப்பாகத் தெரிந்தால் அன்றைக்கே போய்ச் சொல். மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தால் மறுநாளும் அப்படித்தான் நினைக்கத் தோன்றும். எனக்குத் தோன்றியது. இதைத் தவிர உனக்குச் சொல்ல என்னிடம் புத்திமதி எதுவும் இல்லை. நீ என்னோடு பேசாமலே விமானம் ஏறிவிடுவாயோ என்று பயமாகத்தான் இருக்கிறது. பேச வேண்டாம், பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும்.

பத்து மணிக்கு ஆய்வகத்தில் இருப்பேன். முதலில் இரண்டு இன்குபேட்டரின் கதவையும் திறந்து பீக்கரைப் பார், நான் சொல்லும் எண்ணை நம்பாதே. பிறகு ஸ்ரீலதாவை மைக்ரோஸ்கோப் முன்னால் உட்காரவை. அவள் எண்ணட்டும். அவள் எழுந்த பிறகு நீ எண்ணு. நான் வராந்தாவில் நிற்கிறேன். இரண்டு பேர் எண்ணிக்கையும் ஒத்துப்போனால், அவள் பெயருக்குக் கீழே உன் கையெழுத்தைப் போடு. பார்க்காமல் போடாதே.

அப்பா